‘டேம்’, ‘டொமெஸ்டிகேட்டட்’, ‘ஃபெரல்’: மூன்றுக்கும் ‘வளர்ப்பு’ என்ற ஒரு சொல் போதுமா?

2024 ஆகஸ்ட் 4, காலை (கேள்வி)

பள்ளிப் பிள்ளைகளுக்கான காட்டுயிர்க் கையேடு ஒன்று தமிழாகிறது. ஆங்கில மூலத்தில் யானைக்கு ஓரிடத்தில் ‘டேம்’ (tame) என்றும் இன்னோரிடத்தில் ‘டொமெஸ்டிகேட்டட்’ (domesticated) என்றும் வருகிறது. கோடியக்கரைக் குதிரைகளுக்கு ‘ஃபெரல்’ (feral). மூன்றுமே மனிதன் வளர்த்த, அல்லது வளர்த்துக் கைவிட்ட விலங்கைத்தானே சொல்கின்றன? ‘வளர்ப்பு யானை’, ‘வளர்ப்புக் குதிரை’ என்று எழுதிவிட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். இதில் பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது?

ஆகஸ்ட் 4, இரவு

பிரித்துத்தான் ஆக வேண்டும். மூன்றும் மூன்று வேறு கேள்விகளுக்குப் பதில்.

‘டேம்’ என்பது ஒரு தனி விலங்கைப் பற்றியது. இந்த யானை, இந்தக் கிளி, இந்த மான் மனிதனுக்குப் பழகியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. ‘டொமெஸ்டிகேட்டட்’ வம்சத்தைப் பற்றியது. பல தலைமுறையாக மனிதன் இணைசேர்க்கையைத் தன் கையில் வைத்துக்கொண்டு, வேண்டிய குணத்தைத் தேர்ந்து தேர்ந்து, காட்டு இனத்திலிருந்து பிறப்பிலேயே வேறுபட்ட ஓர் இனத்தை உண்டாக்கியிருக்கிறானா என்று பார்க்க வேண்டும். ‘ஃபெரல்’ அப்படி உண்டான வம்சம் மனிதனை விட்டு விலகித் தானே வாழ்வது.

சோதிக்க ஒரு வழி: அதன் குட்டியைப் பாருங்கள். பழகிய யானையின் கன்று மனிதர் கைபடாமல் காட்டில் வளர்ந்தால் அது காட்டு யானை, வேறொன்றும் இல்லை. வெள்ளாட்டுக் குட்டி எங்கே வளர்ந்தாலும் வெள்ளாடுதான்; காட்டு ஆடாக மாறிவிடாது. பழக்கம் வளர்ந்த சூழலோடு போவது, வம்சம் பிறப்போடு வருவது.

ஆக, பழக்கிய / பழகிய = டேம். வளர்ப்பினமான = டொமெஸ்டிகேட்டட். ஃபெரலுக்குத் தனியாக எழுதுகிறேன், அதில் சிக்கல் அதிகம்.

ஆகஸ்ட் 5

யானையை ஏன் வளர்ப்பினம் என்று சொல்லக்கூடாது? கோயிலிலும் படையிலும் மரக்கிடங்கிலும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதனோடு இருக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அந்த ஆண்டுகள் முழுக்க, பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்துப் பழக்கிய யானைகள்தாம். காரணம் கணக்கில் இருக்கிறது. சினைக்காலமே 18 முதல் 22 மாதம். கன்று வேலைக்குத் தயாராகப் பத்துப் பதினைந்து ஆண்டு. அதுவரை தீனி போட்டு வளர்ப்பதைவிட வளர்ந்த யானையைப் பிடித்துப் பழக்குவது மலிவு. அதனால் யாரும் தலைமுறை தலைமுறையாகச் சாதுவான யானைகளையே தேர்ந்து இணைசேர்க்கவில்லை. இன்றும் முகாம் யானைகளை இரவில் மேய்ச்சலுக்குக் காட்டில் விடுவது வழக்கம். முகாம் பெண் யானை காட்டு ஆண் யானையோடு சேர்ந்து சினையாவதும் நடப்பதுதான். இரத்தம் பிரியவே இல்லை.

பழக்கும் முறையைப் பார்த்தாலே அது தனி விலங்கோடு நடக்கும் வேலை என்று தெரியும். பிடித்துவந்த யானையைக் கரால் என்ற மரக்கூண்டில் அடைப்பார்கள். பருத்த மரங்களை ஆழ நட்டு, குறுக்கு மரங்களைக் கோத்து, யானை திரும்பி உதைக்க இடமில்லாத அளவுக்குக் கட்டியிருப்பார்கள். ஒரு பாகன், காவடி எனப்படும் அவரது உதவியாள் ஒருவர், இரண்டே ஆள்தான் அருகில். கரும்பும் தண்ணீரும் அவர்கள் கையால் மட்டுமே கிடைக்கும். ஆள் மாறினால் பழகும் காலம் நீளும். முதலில் துதிக்கையால் வீசி அடிக்கும், பிறகு தீனியை வாங்கிக்கொண்டு பின்வாங்கும், பிறகு ஆள் தொட்டாலும் உடம்பைச் சிலிர்க்காமல் நிற்கும். அந்த மூன்றாவது நிலை வந்த பிறகே கட்டளைச் சொற்கள். கூண்டைத் திறக்கும்போது இரண்டு பக்கமும் கும்கிகள், அதாவது ஏற்கெனவே பழகிய யானைகள், நிற்கும். ‘கும்கி’ என்பதே உதவி என்ற பொருளுள்ள பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது.

2019 ஜனவரியில் கோவைத் தடாகம் பகுதியில் பிடித்து டாப்சிலிப் பக்கம் வரகளியாற்றில் விட்ட சின்னத்தம்பி என்ற காட்டு யானையை நினைத்துக்கொள்ளுங்கள். காட்டில் தங்காமல் நடந்து நடந்து உடுமலைப் பக்கம் வந்து கரும்புத் தோட்டங்களில் சுற்றியது. பிப்ரவரியில் மறுபடி பிடித்துக் கராலில் அடைத்தார்கள். ‘பழக்கிய யானை’ என்ற சொல் அதற்குக் கராலுக்குப் பிறகுதான் பொருந்தும். ‘வளர்ப்பினம்’ என்பது அதற்கு எந்நாளும் பொருந்தாது.

ஆகஸ்ட் 5, சற்றுப் பின்னர்

யானைக்கு ஒரு துணை: சிவிங்கி, ஆங்கிலத்தில் ‘சீட்டா’. முகலாய அரசர்கள் வேட்டைக்கு ஏராளமான சிவிங்கிகளைப் பழக்கி வைத்திருந்தார்கள். கண்ணைக் கட்டி வண்டியில் கொண்டுபோய், மானைக் கண்டதும் கட்டவிழ்த்து விடுவார்கள். அவ்வளவு பழகிய விலங்கு அடைப்பில் குட்டி போட்டதை ஜஹாங்கீர் ஓர் அதிசயமாகக் குறித்து வைத்தார். இணைசேராத விலங்கை வளர்ப்பினமாக்க வழியே இல்லை. ஒவ்வொன்றையும் காட்டிலிருந்து பிடித்தாக வேண்டும். முழுக்க ‘டேம்’, துளியும் ‘டொமெஸ்டிகேட்டட்’ இல்லை.

ஆகஸ்ட் 7

மறுபக்கம்: வளர்ப்பினமாக இருந்தும் பழகாதது. இதற்கு நம் ஊர்க் கிடைமாடே சாட்சி. புலிக்குளம் மாடுகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாகத் திரிந்து மேய்பவை. இரவில் வயலில் கிடை போடுவார்கள். மேய்ப்பவரைத் தெரியும், வேற்றாள் பக்கத்தில் போனால் மிரளும், சில காளை பாயவும் பாயும். இந்த மாட்டை ஆங்கிலத்தில் ‘டொமெஸ்டிகேட்டட் பட் நாட் டேம்’ என்று நாலு சொல்லில் சொல்லிவிடலாம். ‘வளர்ப்பு மாடுதான், ஆனால் ஆளுக்குப் பழகாதது’ என்று தமிழிலும் தெளிவாக வருகிறது. இரண்டுக்கும் ‘வளர்ப்பு’ என்று ஒரே சொல்லைப் போட்டிருந்தால் ‘வளர்ப்பு, ஆனால் வளர்ப்பு இல்லை’ என்று முடிந்திருக்கும்.

மாட்டை வண்டிக்கும் ஏருக்கும் பழக்குவதற்கு உழவர்களிடம் தனிச்சொல்லே இருக்கிறது: வசக்குதல். ‘காளையை வசக்கியாச்சா?’ என்றால் சாதுவா என்று கேட்கவில்லை, நுகத்துக்கு வந்துவிட்டதா என்று கேட்கிறார்கள். ஆங்கிலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் ‘பிரேக் இன்’ என்பார்களே, அதற்கு நேர்ச்சொல் இதுதான். ‘உடைத்தல்’ என்று பெயர்த்து வைக்காதீர்கள்.

வசக்கும் முறை சுருக்கமாக. இரண்டு பல் போடும் பருவத்தில், ஏறத்தாழ இரண்டு, இரண்டரை வயதில், மூக்கு குத்துவார்கள். நாசித் தடுப்பில் குருத்தெலும்புக்கு முன்னால் மெல்லிய சவ்வாக ஓர் இடம் இருக்கும். குத்துவது அங்கேதான், தள்ளிக் குத்தினால் ஆறவும் ஆறாது, கயிறு இழுபடும்போதெல்லாம் இரத்தம் கசியும். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, புண் முழுதாக ஆறும்வரை மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஆறுமுன் இழுத்தால் கயிறென்றாலே தலையை உதறும் மாடாகிவிடும். பிறகு, வசங்கிய ஒரு மாட்டோடு ஜோடி சேர்த்து நுகத்தடியில் பூட்டாங்கயிறு கட்டி, சுமையில்லாமல் நடத்துவார்கள். அடுத்து ஒரு மரக்கட்டையை இழுக்கவிடுவார்கள். அடுத்து, ஏற்கெனவே உழுது பொலபொலப்பான நிலத்தில் ஏர். கடைசியாகத்தான் வெறும் வண்டி. காலை வெயில் ஏறுமுன் கொஞ்ச நேரம், அவ்வளவே.

கெடுவது எங்கே? பெரும்பாலும் இரண்டு இடத்தில். பாரம் தாங்காமல் மாடு படுத்துவிட்டால் அடித்து எழுப்புவார்கள். அது படுத்தே பழகிவிடும், ‘படுக்கிற மாடு’ என்று பெயரெடுத்தால் சந்தையில் விலை போகாது. இன்னொன்று, இடத்து மாடாக வசக்கியதை வலத்தில் பூட்டுவது. பக்கம் மாறினால் அதற்கு எல்லாமே புதிது.

யானைக்குக் கும்கி, காளைக்குப் பழைய ஜோடி மாடு. ‘டேம்’ செய்வதில் பாதி வேலையை ஏற்கெனவே பழகிய விலங்குதான் செய்கிறது.

ஆகஸ்ட் 8

‘அப்படியானால் டேம் என்று கண்ட இடமெல்லாம் பழக்கிய என்று போட்டுவிடலாம்’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கூடாது. கையேட்டிலேயே காலாபகஸ் தீவுகள் வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்தத் தீவுப் பறவைகளும் பேரோந்திகளும் (‘இகுவானா’) ‘டேம்’ என்றுதான் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். யாரும் அவற்றைப் பழக்கவில்லை. பெரிய இரைகொல்லிகள் இல்லாத தீவில் பரம்பரையாக இருந்ததால் ஓடி ஒளியும் குணமே அவற்றிடம் குறைவு. அங்கே ‘மனிதரைக் கண்டு மிரளாத’ என்று எழுத வேண்டும். ‘பழக்கிய பேரோந்தி’ என்றால் பிள்ளை யார் பழக்கியது என்று கேட்கும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு: காட்டு விலங்கு மனிதரைத் தினம் பார்த்துப் பார்த்து அச்சம் விடுவது. கொடைக்கானல் தெருவில் நடக்கும் காட்டுமாடு, கோயில் வாசல் குரங்கு. யாரும் கயிறு கட்டவில்லை, கட்டளை கற்றுத்தரவில்லை. இதற்கு ஆங்கிலத்தில் ‘ஹபிச்சுவேட்டட்’ என்று தனிச்சொல் இருந்தாலும் செய்தித்தாள்கள் ‘டேம்’ என்று எழுதிவிடும். தமிழில் ‘அச்சம் விட்டுப்போன’, ‘ஆள் பழக்கம் ஏறிய’. இங்கே ‘பழகிய காட்டுமாடு’ என்று எழுதுவது வெறும் சொற்பிழையோடு நிற்காது. பழகியது என்று படித்தவர் பக்கத்தில் போய்ப் படமெடுப்பார். அது பழகவில்லை, பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவுதான்.

களத்தில் இதை அளக்க எளிய முறை உண்டு. ஒரே சீரான நடையில் விலங்கை நோக்கி நேராக நடக்க வேண்டும். அது விலகத் தொடங்கும் கணத்தில் நின்று, உங்களுக்கும் அதற்கும் இடையே உள்ள தூரத்தை அளக்க வேண்டும். அதுதான் மிரளும் தூரம். ஊர்க்குரங்குக்கு இது கையெட்டும் தூரமாகச் சுருங்கியிருக்கும், அதே இனக் காட்டுக்குரங்கு வெகு தொலைவிலேயே கிளம்பிவிடும். குட்டியோடு இருக்கும் தாய், தனித்த ஆண், தீனி கையில் வைத்திருக்கும் ஆள் என்று எது மாறினாலும் அளவு மாறும். அதனால் சூழலைக் குறிக்காமல் எண்ணை மட்டும் எழுதினால் பயன் இல்லை. யானை, காட்டுமாட்டிடம் இதைச் செய்து பார்க்க வேண்டாம்.

ஆகஸ்ட் 10

ஃபெரல். லத்தீனில் காட்டு விலங்கைக் குறிக்கும் ‘ஃபெரா’விலிருந்து வந்தது. ஆனால் இன்றைய வழக்கில் பிறவிக் காட்டு விலங்குக்கு இதைச் சொல்வதில்லை. ஒருகாலத்தில் வீட்டில் இருந்த வம்சம் என்பது கட்டாயம்.

கோடியக்கரையின் மட்டக்குதிரைகளும் யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே நெடுந்தீவில் திரியும் குதிரைகளும் இதற்கு நேரான எடுத்துக்காட்டு. ‘காட்டுக்குதிரை’ என்று எழுதினால் தவறு, அங்கே காட்டுக்குதிரை இனம் எக்காலத்திலும் இருந்ததில்லை. ‘வளர்ப்புக் குதிரை’ என்றாலும் தவறு, இன்று யாரும் தீனி போடவில்லை. ‘காடேறிய குதிரை’ என்பது என் தேர்வு. ‘காடேறிய’ என்ற சொல்லிலேயே வெளியிலிருந்து போனது என்ற வரலாறு இருக்கிறது. பிள்ளைகளுக்கு இன்னும் விரிக்க வேண்டுமானால் ‘வளர்த்தவர் கைவிட்டபின் தாமாகவே வாழும் குதிரைகள்’.

நாயில் கவனம் மிக மிக வேண்டும். ‘ஃபெரல் டாக்ஸ்’ என்பதற்கு ‘வெறிநாய்கள்’ என்று எழுதினால் அது ரேபிஸ் கண்ட நாய். ஊரே கட்டையைத் தூக்கும். ‘காட்டுநாய்கள்’ என்று எழுதினால் அது செந்நாய், அழிவின் விளிம்பில் இருக்கும் பாதுகாக்கப்பட்ட உயிரினம். வீட்டு நாயோடு உறவுமுறையில் தூரம். தெருநாய்க்கும் ஃபெரல் சரியாகப் பொருந்தாது, தெருவில் பிறந்தாலும் அது மனிதர் போடும் சோற்றையும் குப்பையையும் நம்பி மனிதர் நடுவே வாழ்கிறது. ஊரைவிட்டுக் கூட்டமாகப் பிரிந்து மான் துரத்தி வாழும் நாய்களுக்கே ‘காடேறிய நாய்’.

ஆகஸ்ட் 10, இரவு

காடேறிய என்று எழுதும்போது தோன்றியது. ஆங்கிலச் சொல் ‘டொமெஸ்டிக்’ வீட்டின்மேல் நிற்கிறது, ‘தோமுஸ்’ என்றால் லத்தீனில் வீடு. தமிழோ இதே வேறுபாட்டை வீட்டில் வைக்கவில்லை, நாட்டில் வைத்தது. காட்டுக்கோழி × நாட்டுக்கோழி. காடு × நாடு. நாடு என்றால் இங்கே மரம் வெட்டி, உழுது, ஊர் கட்டிக் குடியேறிய நிலம். விலங்கு வீட்டுக்குள் வந்ததா என்பது இந்தச் சொற்களுக்குப் பெரிதில்லை; குடியிருப்பு எல்லைக்குள் வந்ததா என்பதே பெரிது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் பொருத்திப் பார்த்தால் வீட்டைவிட இதுதான் உண்மைக்கு நெருக்கம்.

ஆனால் இன்று ‘நாட்டு’ வேறு வேலைக்குப் போய்விட்டது. நாட்டுக்கோழி என்றால் எல்லோருக்கும் பிராய்லருக்கு எதிர்ப்பதம். நாட்டுமாடு என்றால் ஜெர்சிக்கு எதிர்ப்பதம். பிராய்லரும் ஜெர்சியும் வளர்ப்பினத்தின் உச்சம். எனவே டொமெஸ்டிகேட்டட் என்பதற்கு ‘நாட்டு’ என்று இனி எழுத முடியாது. நல்ல சொல் கைநழுவிப் போனது வருத்தம்தான்.

கோழி என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். வளர்ப்புக் கோழியின் மூலம் தென்கிழக்கு ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் பல கோழிகளின் மஞ்சள் தோலுக்குக் காரணமான மரபணு அதில் இல்லை. அது தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்து கலந்தது என்று 2008இல் காட்டினார்கள். நம் மலையடிவாரத்தில் கூவும் பறவை உலகெங்கும் கறிக்கடைக் கோழியின் தோலில் இருக்கிறது.

ஆகஸ்ட் 12

‘கொல்லைப்படுத்தல்’ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். டொமெஸ்டிகேஷனுக்கு இணையத்தில் இந்தச் சொல் உலவுகிறது. வீட்டுக்குப் பின்னுள்ள தோட்டமும் கொல்லை, முல்லைநிலப் புன்செயும் கொல்லை என்பதால் கருத்தளவில் அழகான சொல். நடைமுறையில் இரண்டு தடை. ‘கொல்லைக்குப் போவது’ என்றால் ஊர்ப்புறத்தில் வேறு பொருள், வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். ‘கொல்லை’யில் ‘கொல்’ காதில் விழுகிறது. ‘வீட்டுவயப்படுத்தல்’ நீளம், தேனீக்கும் நெல்லுக்கும் பொருந்தாது. ‘வளர்ப்பினமாக்கல்’ என்பதே குறையில்லாமல் ஓடுகிறது, வினையாக மாற்றினாலும் (‘வளர்ப்பினமாக்கினார்கள்’) முறியவில்லை.

செடிக்கு மட்டும் பயிராக்கல். ‘நெல்லைப் பயிராக்கினார்கள்’ என்று எழுதினால் விளக்கமே வேண்டாம். காட்டு நெல்லில் மணி முற்றியதும் தானாகக் கொட்டிவிடும், செடிக்கு அது நல்லது. அறுப்பவனுக்குக் கொட்டாத கதிர்தான் வேண்டும். அவன் கைக்கு வந்த மணிகளில் கொட்டாத கதிரின் மணியே மிகுதி, அதையே விதைத்தான். இது பல தலைமுறை நடந்து, மனிதன் அடித்துப் பிரித்தால்தான் உதிரும் நெல் வந்தது. இங்கே ‘டேம்’ என்ற சொல்லுக்கே இடமில்லை பாருங்கள். நெல்லை யாரும் பழக்க முடியாது, பயிராக்கத்தான் முடியும்.

ஆகஸ்ட் 12, கூடுதல்

தேனீ. ‘தேனீ வளர்ப்பு’ என்கிறோம், ஆனால் பெட்டியில் இருக்கும் நம் அடுக்குத் தேனீ வளர்ப்பினம் இல்லை. மரப்பொந்திலிருந்து எடுத்துப் பெட்டியில் குடியேற்றியதும் காட்டில் இருப்பதும் ஒன்றே. எறும்பு ஏறினாலோ, மெழுகுப்புழு விழுந்தாலோ, தீனி வற்றினாலோ மொத்தக் கூட்டமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். மலைத்தேனீயைப் பெட்டிக்குள் வைக்கவே முடியாது, அது திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டும்.

இதற்கு நேர் எதிரே மல்பெரிப் பட்டுப்புழு. அதன் அந்துப்பூச்சிக்கு இறக்கை இருந்தும் பறக்க வராது. புழுவுக்கு இலையைக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மனிதன் கைவிட்டால் அது காடேறாது, செத்துப்போகும். ‘தேனீ வளர்ப்பு’, ‘பட்டுப்புழு வளர்ப்பு’ இரண்டிலும் ஒரே ‘வளர்ப்பு’. உள்ளே கிடப்பது இரு துருவம். கேள்வி கேட்டவருக்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆகஸ்ட் 15: திருத்தம்

4ஆம் தேதி, டேம் தனி விலங்கைப் பற்றியது, பிறப்போடு வராது என்கிற மாதிரி எழுதியிருந்தேன். அவ்வளவு கறாராகச் சொல்லியிருக்கக் கூடாது. பழகும் இயல்பு பிறப்போடு வரும்.

சைபீரியாவின் நோவோசிபிர்ஸ்கில் திமித்ரி பெல்யாயெவ் 1959இல் தொடங்கி, லுத்மிலா த்ருட் தொடர்ந்து நடத்திய நரிச் சோதனை அதைத்தான் காட்டியது. தோலுக்காக வளர்த்த வெள்ளிநரிகளில், மனிதக் கையைக் கண்டு கடிக்காத, ஒடுங்காத குட்டிகளை மட்டும், ஏறத்தாழப் பத்தில் ஒன்றை, அடுத்த தலைமுறைக்கு வைத்தார்கள். பயிற்சி எதுவும் தரவில்லை; மனிதரோடு இருக்கும் நேரத்தையும் கட்டுப்படுத்தினார்கள். ஆறாவது தலைமுறையிலேயே வாலாட்டி, முனகி, கையை நக்கும் குட்டிகள் வந்தன. பழக்கியதால் பழகியவை அல்ல; பழகப் பிறந்தவை. ஆங்கிலத்தில் இந்த இயல்புக்கும் ‘டேம்னெஸ்’ என்றே பெயர். தமிழில் ‘பழகும் இயல்பு’ என்று எழுதினால் ‘பழக்கம்’ என்பதிலிருந்து பிரிந்து நிற்கும்.

தொங்கு காதும் வெள்ளைத் திட்டும் இந்தத் தேர்வால்தான் வந்தன என்று பலரும் எழுதுவார்கள். அதை அப்படியே கையேட்டில் போட வேண்டாம். அந்த நரிகளின் முன்னோர் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுப் பண்ணைகளிலிருந்து வந்தவை, அங்கேயே பல காலம் தேர்ந்து வளர்க்கப்பட்டவை. அந்த அடையாளங்களில் சில முன்பே இருந்தன என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குணம் மாறியது உறுதி. உடல் மாற்றத்தில் விவாதம் ஓய்ந்தபாடில்லை.

ஆகஸ்ட் 16: இன்னொரு திருத்தம், இது பெரியது

சட்டத் தமிழாக்கம் செய்பவர்கள் இதுவரை நான் எழுதியதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்திய விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 1960, ‘டொமெஸ்டிக் அனிமல்’ என்பதை ‘டேம்’ என்ற சொல்லைக் கொண்டே வரையறுக்கிறது. மனிதப் பயனுக்காகப் பழக்கிய அல்லது பழக்கிவரும் விலங்கு அதில் அடங்கும். யாரும் பழக்க நினைக்காமலே முழுதாகவோ ஓரளவோ பழகிவிட்ட விலங்கும் அடங்கும். வம்சம், தலைமுறை, இணைசேர்க்கை எதுவும் அந்த வரையறையில் இல்லை. உயிரியல் பிரித்துவைத்ததைச் சட்டம் ஒன்றாக்குகிறது. எனவே அந்தச் சட்டத்தை மொழிபெயர்க்கும்போது ‘வளர்ப்பின விலங்கு’ என்று எழுதினால் பொருள் குறுகிவிடும், அங்கே ‘வீட்டு விலங்கு’ என்ற பழைய சொல்லே இருக்கட்டும்.

இதைத் தேடும்போது கேள்வி கேட்டவர் பக்கமும் நியாயம் இருப்பது தெரிந்தது. வனத்துறை நடப்பில் ‘வளர்ப்பு யானை’ என்பது ‘கேப்டிவ் எலிஃபன்ட்’ என்பதற்கு நேர், அதாவது மனிதர் பொறுப்பில் இருக்கும் யானை. கோயில் யானை, முகாம் யானை எல்லாம் அதில் வரும். அந்தப் பொருளில் ‘வளர்ப்பு யானை’ சரியான சொல். உங்கள் மூலத்தில் ‘டொமெஸ்டிகேட்டட் எலிஃபன்ட்’ என்று இருப்பது மூலத்தின் பிழை. ‘வளர்ப்பு யானை’ என்று நீங்கள் எழுதியது மூலத்தைத் திருத்தியதாகிறது. யானைக்கு இரண்டு இடத்திலும் உங்கள் சொல் நிற்கலாம். குதிரைக்கு மட்டும் மாற்றுங்கள்.

ஆகஸ்ட் 18

விலங்கில்லாத இடங்களில் ‘டேம்’ என்ன ஆகிறது என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். கிரிக்கெட்டில் ‘டேம் டிரா’ என்றால் சப்பென்று முடிந்த ஆட்டம். நகைச்சுவை ‘டேம்’ என்றால் காரமில்லை, உப்புச்சப்பில்லை. ‘டேம் எக்ஸ்பர்ட்’ என்றால் சொன்னபடி ஆடும் நிபுணர், ‘கைக்கு அடங்கியவர்’ போதும். முடியை ‘டேம்’ செய்வது படிய வைப்பது. பணவீக்கத்தை ‘டேம்’ செய்வது கட்டுக்குள் கொண்டுவருவது. 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்த சக்திகாந்த தாஸ் பணவீக்கத்தை யானை என்றே சொல்லி, அது காட்டுக்குத் திரும்புவதுபோல் தெரிகிறது என்றார். அங்கே ‘பழக்குதல்’ எவ்வளவு பொருந்தாது என்று பாருங்கள்: காட்டுக்குப் போகும் யானையை யாரும் பழக்கவில்லை.

பிரிட்டனில் கணவரை ‘டொமெஸ்டிகேட்டட்’ என்பார்கள். சமைக்க, துவைக்கத் தெரிந்தவர், வீட்டு வேலையில் கைகொடுப்பவர் என்று பொருள். இனமாக்கல் எதுவும் நடக்கவில்லை. ‘டொமெஸ்டிக்’ தனியாக வந்தால் இன்னும் பிரியும்: விமானத்துக்கு உள்நாட்டு, வன்முறைக்குக் குடும்ப, சிலிண்டருக்கு வீட்டு உபயோக. தமிழ் இங்கே சரியாகவே தனித்தனிச் சொல் வைத்திருக்கிறது, ஒன்றாக்க முயல வேண்டாம்.

இன்னொன்று, ‘டேம்’ என்று தமிழ் எழுத்தில் தனியாக எழுதினால் பாதிப்பேர் மேட்டூர் அணை என்றுதான் படிப்பார்கள். தலைப்புகளில் தவிர்ப்பது நல்லது.

ஆகஸ்ட் 18, சிறு குறிப்பு

வேர். ‘டேம்’ லத்தீன் ‘தோமாரே’வுக்கும் (அடக்கு) சமஸ்கிருத ‘தம்’ என்ற வினைக்கும் உறவு. சம தமம் (மன அடக்கம், புலன் அடக்கம்) என்கிறோமே அந்தத் தமம், தமயந்தியின் தம. கிரேக்கத்தில் அதே வேரிலிருந்து ‘அடக்க முடியாதது’ என்று ‘அதமாஸ்’, அது மருவி ‘டயமண்ட்’. வீட்டைக் குறிக்கும் ‘தோமுஸ்’ ஒலியில் ஒத்தாலும் அகராதிகள் அதைத் தனி வேராகவே தருகின்றன. ஆக, ‘டேம்’ அடக்குவதில் பிறந்தது, ‘டொமெஸ்டிக்’ வீட்டில் பிறந்தது. தமிழின் ‘பழக்கு’ இரண்டிலும் பிறக்கவில்லை. பழகு என்ற தன்வினையிலிருந்து பிறவினையாக வந்தது. விலங்கு தானே பழக வேண்டும், நாம் பழகச் செய்யத்தான் முடியும். யானைக் கராலில் நடப்பதும் அதுவே.

ஆகஸ்ட் 19

அடக்குதல் என்றதால் ஜல்லிக்கட்டு. ஆங்கில ஏடுகள் ‘புல் டேமிங்’ என்று எழுதுகின்றன. அதைத் திரும்பத் தமிழாக்கும்போது ‘காளையைப் பழக்கும் விளையாட்டு’ என்று யாரோ எழுதியிருப்பதாக மேலே சுட்டியிருக்கிறார்கள். அங்கே எதையும் பழக்கவில்லை. அந்தக் காளை வளர்ப்பினம். தன் வீட்டாருக்குப் பழகியது. வீட்டுப் பிள்ளை கயிற்றைப் பிடித்தால் பின்னாலேயே போகும். வாடிவாசலில் இருந்து பாயும்போது வீரர் திமிலைத் தழுவிச் சில துள்ளல் தாக்குப்பிடிக்கிறார். பிறகு காளை வீட்டுக்குப் போகிறது, முன்பு இருந்த அதே குணத்தோடு. பழைய சொல் ஏறுதழுவுதல், தழுவுதல் என்றால் அணைத்தல். இன்றைய வழக்கு மாடுபிடி. ‘அடக்குதல்’ பேச்சிலும் செய்தியிலும் இருக்கிறது, தள்ள முடியாது. ‘பழக்குதல்’ மட்டும் எவ்வகையிலும் வராது. ஆங்கிலத்தில் எழுத நேர்ந்தாலும் ‘டேமிங்’ வேண்டாம், ‘எம்பிரேசிங்’ என்று எழுதினால் எதுவும் குறையாது.

ஆகஸ்ட் 21

கேள்வி கேட்டவர் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் போட்டிருக்கிறார்: ‘ஃபெரல் பிஜன்’. ‘காடேறிய புறா’ என்று எழுதலாமா?

வேண்டாம், அது காடேறவே இல்லை. ரயில் நிலையத்திலும் அடுக்குமாடியிலும் கோபுரத்திலும் இருக்கிறது. பாறை இடுக்கில் கூடு கட்டிய காட்டுப் புறா மனிதரால் வளர்ப்பினமாகி, அதிலிருந்து தப்பி, பாறைக்குப் பதில் கட்டடத்தைப் பிடித்துக்கொண்டது. இதற்குத் தமிழில் ஏற்கெனவே மாடப்புறா என்று பெயர். ஆனால் பாறையில் வாழும் காட்டு வகையையும் நாம் மாடப்புறா என்றே சொல்கிறோம். எனவே இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் ‘நகர மாடப்புறா’, ‘பாறை மாடப்புறா’ என்று பிரியுங்கள். ஒன்று மட்டும் வந்தால் மாடப்புறா போதும். படத்தின் கீழே இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை இருப்பதைக் காட்டி, வெள்ளையும் பழுப்பும் கலந்த புறாக்கள் ஏன் அதே கூட்டத்தில் இருக்கின்றன என்று ஒரு கேள்வி சேர்த்துவிடுங்கள். வளர்த்த காலத்தில் தேர்ந்தெடுத்த நிறங்கள் அவை.